தூக்குச் செய்தியை நான் வாசித்த காலை

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் மைக்கில் பேசினால் குரல் இரண்டு முறை கேட்கும். முதலில் வாதாம் மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து. சற்றுப் பிந்தி, எதிரே இருந்த தீப்பெட்டி ஆபீசின், அதாவது தொழிற்சாலையின், நீண்ட சுவரில் மோதித் திரும்பி வருவது இரண்டாவது. ஒன்பதாம் வகுப்பில் நான் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க ஆரம்பித்தபோது, திரும்பி வரும் குரல் என்னுடையதுதான் என்று நம்பப் பல நாள் பிடித்தது. அது என்னைவிட வயதில் மூத்த, எதற்கும் பதறாத ஒருத்தியின் குரல் போல இருக்கும். நான் ஒரு வாக்கியத்தை முடித்த பிறகு அவள் அதை முடிப்பாள். ஒருநாள் அவளாக ஆகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. அன்றும் இருந்ததில்லை. இப்போது முதுகலை முடித்துவிட்டேன். ஆனாலும் என் படிப்பைப் பற்றி நினைத்தால் பட்டமளிப்பு விழாவின் கறுப்பு அங்கி நினைவில் வருவதில்லை. அந்த மைக்கும், அது கையைவிட்டுப் போன காலையும்தான் வருகின்றன.

என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, மார்க்கெட் ரோட்டில் ஒரு கடையில் கிழிந்த சாக்குகளைத் தைப்பவர். உளுந்தும் மல்லியும் வற்றலும் அடைத்து வந்த சாக்குகளின் தூசி எப்போதும் அவர் புருவத்தில் படிந்திருக்கும். அம்மா எங்கள் ஜமாஅத்தில் பெண் மய்யித்துகளைக் குளிப்பாட்டுகிறவள். இறந்துபோன பெண்ணை, இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் இளஞ்சூடாகக் கழுவி, கற்பூரம் தடவி, வெள்ளைத் துணியில் பொதிந்து அனுப்புவது அவள் பொறுப்பு. கழுகுமலையிலிருந்தும் கயத்தாற்றிலிருந்தும்கூட ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

எட்டாம் வகுப்பு முடிந்ததுமே அத்தா போதும் என்று சொல்லிவிட்டார். அம்மா அழுது ஒரு வருடம் வாங்கினாள். அந்த வருடத்தின் தொடக்கத்தில்தான் பெரிய டீச்சர், எங்கள் தலைமையாசிரியை, என் குரலைக் கேட்டு, செய்தி வாசிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். ஒருநாள் சாக்குக் கட்டைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பள்ளிக்கூட மதிலை ஒட்டிப் போன அத்தா, மரத்திலிருந்து மகள் பேசுவதைக் கேட்டிருக்கிறார். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மைக் முன்னால் நின்றபோது மதிலுக்கு மேலே சாக்குக் கட்டு தெரிந்தது. ஆள் தெரியவில்லை. செய்தி முடிந்ததும் கட்டு நகர்ந்து போனது. அப்புறம் தினமும் அப்படித்தான். ஒரு மாதம் கழித்து அம்மாவிடம், "படிக்கட்டும். ஊரே கேக்குல்லா" என்றாராம். ஆக, அந்த மைக் இருக்கும் வரை எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது.

காலையில் எழுந்ததும் தெருமுனை டீக்கடைக்கு ஓடுவேன். பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்.

"ஏலே, மொத ஷீட்ட விடுங்கடே. கலெக்டரம்மா காத்துக் கெடக்காவல்லா" என்பார் கடை அண்ணாச்சி.

"எந்த ஊருக்குக் கலெக்டரு?" என்று லாரிக்காரர் யாராவது கேட்பார்.

"இப்ப நம்ம தெருவுக்கு மட்டுந்தான். போகப் போகப் பாப்பம்."

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஐந்து செய்திகளைச் சுருக்கி நோட்டில் எழுதிக்கொள்வேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். அம்மா அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டே கேட்பாள். தெருவே ஒரு விஷயத்தைப் பேசி முடித்திருந்தாலும், நான் வாசித்தால்தான் அவளுக்கு அது செய்தி. யாராவது இறந்ததாக வந்தால் அம்மிக்குழவி நின்றுவிடும். "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்பாள். நாம் இறைவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்புகிறவர்கள் என்று பொருள். மரணத்தைக் கேள்விப்பட்டதும் எங்கள் வீடுகளில் சொல்வது. அதன் பிறகுதான் குழவி நகரும்.

ஆரம்பத்தில் ஒருநாள், பஸ் கவிழ்ந்து இறந்தவர்களைப் பற்றி வாசித்துவிட்டு நேரே அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, உசுரு போயிருக்கு. நான் மூச்சு விடுறதுக்குள்ள தங்கம் வெலைக்குப் போயிட்ட."

அன்றிலிருந்து மரணச் செய்தியின் முடிவில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டேன். புள்ளி வந்தால் நிற்க வேண்டும். அம்மா சொல்லி முடித்த பிறகு தொடர வேண்டும். போகப் போக நானும் அவளோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினேன். எல்லையில் இறந்த சிப்பாய்க்கு, கிணற்றில் விழுந்த குழந்தைக்கு, வயதாகிச் செத்த அரசியல்வாதிக்கு. ஒருமுறை எங்கோ ஒரு கோயில் யானை இறந்துபோனது.

"யானைக்குச் சொல்லலாமாம்மா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "தெரியல. எதுக்கும் சொல்லி வைப்போம்."

அந்த வருடம் மழைக் காலத்தில், வடக்கே ஒரு சிறையில் இருந்த ஒருவனுடைய கருணை மனு தள்ளுபடியானது. அடுத்த ஒரு வாரமும் அவன் வாழ்க்கை துண்டு துண்டாகப் பேப்பரில் வந்தது. எங்கள் மார்க்கத்துக்காகச் சண்டை போடுவதாகச் சொல்லிக்கொண்ட ஓர் இயக்கத்தைச் சேர்ந்தவன். பிறந்தது ஓர் ஆற்றங்கரை ஊர். தகப்பன் கடிகாரம் பழுது பார்ப்பவர். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவன். எழுதப் படிக்கத் தெரியாத தெருக்காரர்களுக்கெல்லாம் கடிதம் வாசித்துக் காட்டியிருக்கிறான். தகப்பனிடம் கற்ற கடிகார வேலையை வைத்துத்தான் பிறகு குண்டுக்கு நேரம் குறித்திருக்கிறான். ஒரு சாயங்காலம் நெரிசலான சந்தையில் ஒரு பையை வைத்துவிட்டு நடந்து போனான். வெங்காயம் வாங்க வந்தவர்கள், டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள், பூ விற்ற ஒருத்தி. பூக்காரியின் கூடை மட்டும் ஒரு கூரையின் மேல் முழுதாகக் கிடந்ததாம்.

அந்த வாரம் அவன் என் கண்ணுக்குள்ளேயே நடமாடினான். ஊரைச் சுற்றிக் கரிசல் நனைந்து மினுங்கிக்கொண்டிருந்தது. டவுன் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால், முழங்கால் உயரப் பருத்திச் செடிகளுக்கு நடுவே அவன் போய்க்கொண்டிருப்பான். கையில் பை. காலில் அப்பிய மண் ஒவ்வோர் அடிக்கும் கனத்துக்கொண்டே வரும். அவனுக்கு இன்னும் எதுவும் நடக்கவில்லை, யாருக்கும் எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். பையைக் கீழே வைக்காதே, அப்படியே நடந்துகொண்டே இரு என்று கத்த நினைப்பேன். பஸ் திரும்பிவிடும். வீட்டில் முதல் ஆள் என்ற அந்தச் சொல் மட்டும் நெஞ்சில் உறுத்தும். அது என்னுடைய சொல். அவனும் அதை வைத்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் அதிகாலையில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பகல் முழுக்க டீக்கடை டிவியில் அதுதான். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி, கழுகுமலைப் பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வரும், விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், வாய்த்துடுக்குக்காரி, என் காதில் சொன்னாள்: "ஏட்டி, நாளைக்கு உங்க ஆளு செய்தியல்லா நீ வாசிக்கணும்."

"எங்க ஆளா? எங்க அத்தா உயிரோடத்தான் இருக்காவ."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சும்மா சொன்னேன்ட்டி. மூஞ்சியத் தூக்காத."

சாயங்காலம் பெரிய டீச்சர் கூப்பிட்டார். "நாளைக்கு மட்டும் வேற யாராவது வாசிக்கட்டும்மா. உனக்கு எதுக்குச் சங்கடம்?"

கனிவாகத்தான் கேட்டார். அந்தக் கனிவு வரிசையிலிருந்து என்னை மட்டும் தனியே இழுத்து நிறுத்தியது.

"எனக்கு என்ன டீச்சர் சங்கடம்? நானே வாசிக்கேன்."

மறுநாள் காலை டீக்கடையில் யாரும் கலெக்டர் என்று சொல்லவில்லை. அண்ணாச்சி பேசாமல் தாளை நீட்டினார். எழுதிக்கொண்டு வந்து அம்மாவிடம் வாசித்தேன். முதலில் மழைச் செய்தி. பிறகு அது.

"சந்தைக் குண்டுவெடிப்பு வழக்கில் மரண தண்டனை பெற்றவர் நேற்று அதிகாலை தூக்கிலிடப்பட்டார். உடல் சிறை வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது."

புள்ளி. நின்றேன். குழவியும் நின்றது. அம்மா அதைச் சொல்லவில்லை. அம்மியில் தேங்காயும் மிளகாயும் பாதி அரைந்து கிடந்தன. முற்றத்தில் சொட்டிக்கொண்டிருந்த மழைத்தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு குளிப்பாட்டுனாவளாம்?" என்றாள்.

"அதெல்லாம் போடல."

"பெத்தவகிட்ட குடுக்கலியோ?"

"குடுக்கலியாம்."

"அந்தப் பூக்காரிய எப்படிக் குளிப்பாட்டியிருப்பாவ? முழுசாவா கெடைச்சிருப்பா?"

நேரமாகிவிட்டது. தோசையை நின்றபடியே விழுங்கிவிட்டு ஓடினேன். சேறு தெறிக்காமல் தாண்டித் தாண்டிப் போகும்போது, எதையோ திறந்தபடியே போட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. அடுப்பா, கதவா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

வாழ்த்துப் பாட்டும் உறுதிமொழியும் முடிந்து மைக் முன்னால் வந்தேன். மேகம் தாழ இறங்கியிருந்தது. அத்தனை பெண்களும் நிமிர்ந்து என்னையே பார்த்தார்கள். மதிலுக்கு மேலே சாக்குக் கட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்தி இருந்தது. மழைச் செய்தியை வாசித்தேன். அடுத்ததை வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்குப் பெருமையாக இருந்தது. "அடக்கம் செய்யப்பட்டது" என்றேன். எதிர்ச் சுவரிலிருந்து அவளும் அதையே சொன்னாள்.

புள்ளி வந்தது. நின்றேன்.

நின்ற இடத்தில், காலையில் வீட்டில் சொல்லாமல் விடப்பட்டது என் வாயில் வந்துவிட்டது. "இன்னா லில்லாஹி..." முழுவதும் சொன்னேன். தினமும் அம்மியருகே சொல்லும் அதே தாழ்ந்த குரலில். மைக்குக்குத் தாழ்ந்த குரலும் உரத்த குரலும் ஒன்றுதான். குழாயிலிருந்து அது மைதானத்தின் மேல் போனது. சுவர் அதை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகத் திருப்பித் தந்தது. அப்போதுதான் நான் சொன்னதே எனக்குக் கேட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் தங்கம் விலையை வாசித்தேன்.

செய்தி முடியும் முன்பே சாக்குக் கட்டு போய்விட்டிருந்தது.

முதல் பீரியடுக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. மைக்கில் அவனுக்காகத் தொழுதேன் என்றார்கள் சிலர். அழுதேன் என்றார்கள் சிலர். தோழி மட்டும் நேரே கேட்டாள். "ஏட்டி, என்னத்தச் சொன்ன நீ?" சொன்னேன். "அம்புட்டுத்தானா?" என்றாள். ஆனால் மதியத்துக்குள் பெரிய டீச்சருக்கு எத்தனையோ போன் வந்துவிட்டது. அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார்.

அம்மா ஈரக் குடையை வாசலில் சாத்திவிட்டு, நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசினாள்.

"யாரு மவுத்தானாலும் சொல்லுவோம் டீச்சர். வீட்ல இவ வாசிப்பா, நாங்க ரெண்டு பேரும் சொல்லுவோம். பழக்கத்துல வந்துட்டு."

"யார் செத்தாலுமா?"

"கோயில் யானைக்குக்கூடச் சொன்னோம் டீச்சர்."

பெரிய டீச்சரின் உதட்டில் சிரிப்பு வந்து அடங்கியது. "இவனுக்குமா?"

"எனக்கு வாய் வரல டீச்சர். காலைல இவ வாசிக்கும்போது அந்தப் பூக்காரி நெனப்பு வந்துட்டு, நான் சொல்லல. சொல்லியிருந்தா வீட்டோட முடிஞ்சிருக்கும். நான் விட்டத இவ எடுத்துட்டா."

"அவன் செஞ்சது..."

"அல்லாவே! அவன் செஞ்சதுக்கு அவன்தான் அங்க பதில் சொல்லணும். எங்க பேரச் சொல்லில்லா செஞ்சான், பாவி. ஆனா நான் கழுவுறவ டீச்சர். கழுவுற பலகைல வந்து கெடந்தா அது மய்யித்து. நல்லவ கெட்டவன்னு தனித்தனியாத் தண்ணி காய்ச்ச முடியுமா?"

பெரிய டீச்சர் என் நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். ஜூன் மாதத்திலிருந்து இருந்தது. பஸ் கவிழ்ந்ததில் ஒரு புள்ளி. பட்டாசு ஷெட்டில் ஒரு புள்ளி. சிப்பாய், குழந்தை, யானை. கடைசிப் பக்கத்துக்கு வந்து அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தார். திரும்பவும் முன்னால் போய்ப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே அளவாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா நான் எத்தனை பேர் வீட்டுக்கு இந்த நோட்டைத் தூக்கிட்டுப் போய்க் காட்ட முடியும்? கொஞ்ச நாள் வேற பொண்ணு வாசிக்கட்டும்."

வேறு பெண் என்றால் என் தோழி. எனக்கு அடுத்து நல்ல குரல் அவளுக்குத்தான்.

அன்று சாயங்காலம் அத்தா வீட்டுக்கும் சாக்குக் கொண்டு வந்து தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

"மைக்குப் போச்சுல்லா. அரைப் பரீட்சய எழுது. அதோட போதும்."

"ஏன்த்தா?"

"கடைல ரெண்டு பேரு கேட்டாச்சு, ஒம் மவ என்னத்த ஓதுனான்னு. நாளைக்கு நாலு பேரு கேப்பான்."

கோபமாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பயந்திருந்தார். பெரிய கோணி ஊசி கையில் இருக்க, என் அத்தா பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாளும் கால்கள் தானாக டீக்கடைக்குப் போயின.

"என்ன கலெக்டரம்மா, மாத்தலாகிட்டியளாம்ல?" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. லீவு."

"லீவுன்னா பேப்பர் வாசிக்கக் கூடாதா? இந்தா, டீ சிந்தாமப் பாரு."

வாசித்தேன். எழுதவும் செய்தேன். ஏனென்றால் பள்ளிக்கூட வாசலில் தோழி பரிதாபமாக நின்றாள். அவள் ஊருக்குப் பேப்பர் வருவதற்குள் அவள் பஸ் ஏறிவிட வேண்டும். "நீ எழுதிக் குடுட்டி, நான் கத்துதேன்" என்றாள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. கொடுக்காமல் இருந்தால் அவள் மைக் முன்னால் முழிப்பாள். அதையும் நினைத்துப் பார்த்தேன், கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் என் கையெழுத்தாவது அங்கே போகட்டும் என்று நோட்டைக் கொடுத்தேன். அப்படியே தினமும். வரிசையில் நின்று, என் வாக்கியங்கள் அவள் குரலில் போய்ச் சுவரில் மோதித் திரும்புவதைக் கேட்பேன். அவள் பஸ்ஸைப் பிடிக்கிறவள் மாதிரி வாசிப்பாள். மதில் பக்கம் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொள்வேன்.

அரைப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் தீப்பிடித்துப் பெண்கள் இறந்துபோனார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருடைய அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். எழுதி முடித்ததும் கை தானாகப் புள்ளி வைத்தது. வாசலில் நோட்டை வாங்கிய தோழி பார்த்துவிட்டாள்.

"இந்தப் புள்ளி எதுக்குட்டி? யாராச்சும் செத்தாத்தான் வைக்க."

"அங்கன நிறுத்தணும்."

"நிறுத்தி? நீ சொன்ன மாதிரி எதுவும் சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்லாத. நிறுத்து, போதும்."

"எம்புட்டு நேரம்?"

அம்மாவின் குழவி நிற்கும் நேரத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது? யோசித்தேன். "சுவத்துல இருந்து ஒன் குரல் திரும்பி வார வரைக்கும்."

மழை விட்டிருந்தது. கரிசல் காட்டு ஈரத்தின் வாசம் மைதானம் வரை வந்தது. தோழி அன்று மெதுவாக வாசித்தாள். இறந்தவர்கள் என்ற இடத்தில் நிறுத்தினாள். சுவரிலிருந்து அவள் குரல் வந்து சேர்ந்தது. அது அடங்கிய பிறகும் அவள் தொடரவில்லை. குழாய் ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் இருந்தது. அந்த நீண்ட சுவருக்குப் பின்னால், குச்சி அடுக்கும் சட்டங்களின் சத்தம்கூட அன்றுதான் எங்களுக்குக் கேட்டது. நான் உதடு அசையாமல் உள்ளே சொன்னேன். பக்கத்து வரிசைகளிலும் ஆளுக்கொன்று சொல்லியிருப்பார்கள். அவரவருக்குத் தெரிந்ததை. தலையைத் தூக்கியபோது மதிலுக்கு மேலே சாக்குக் கட்டு இருந்தது. அசையாமல் இருந்தது.

சாயங்காலம் அத்தா ஊசியில் சணல் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ள இன்னைக்கு ஒரு எடத்துல நிறுத்துச்சே. டீச்சர் சொல்லிக் குடுத்தாவளோ?"

"நான்த்தா. புள்ளி வச்சுக் குடுத்தேன்."

"நீ எதுக்கு?"

"தெனமும் நான்தான் எழுதிக் குடுக்கேன். அவ வாசிக்கா."

நூல் ஊசிக்காதில் நுழையாமல் இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை நுழைந்தது.

"தெனமுமா?"

"ஆமா."

அவர் ஒரு சாக்கை எடுத்து உதறி, கிழிசலைத் தேடிப் பிடித்தார். "வேகமா வாசிக்கு அந்தப் புள்ள. பரீட்ச முடிஞ்சு தொறந்ததும், இன்னைக்கு மாதிரி நிதானமா வாசிக்கச் சொல்லு."

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் என்று சொன்னார். அப்படியென்றால் அப்போதும் நான் அங்கே இருப்பேன். அவர் தைக்க ஆரம்பித்துவிட்டார்.

அடுப்படியில் அம்மா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள் என்று ஓடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. செம்புத் தண்ணீரை, மய்யித்தைக் குளிப்பாட்டுவது போல, வலப் பக்கம் முதலில், பிறகு இடப் பக்கம், மெதுவாக ஊற்றிக் கையால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள். எந்தச் செய்தியும் வாசிக்காத நேரத்தில், தாழ்ந்த குரலில், "இன்னா லில்லாஹி" என்று தொடங்கினாள். முழுவதும் சொன்னாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.